வீட்டு வைஃபையில் படம் ஏன் நிற்கிறது? இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு ஒரு கேள்வி பதில்

மண்டபம் தொடங்கி சாயல்குடி வரை எனக்கு உறவினர்கள் உண்டு. கணினி பழுது பார்ப்பவன் என்பதால் டிவியில் படம் நின்றாலும் என்னைத்தான் அழைக்கிறார்கள். கட்டணம் பெரும்பாலும் மத்தியானச் சோறும் மீன் குழம்பும். எந்த வீட்டுக்குப் போனாலும் கேள்விகள் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்த முறை இதைப் படித்துவிட்டு அழையுங்கள். குழம்பை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

மாதாமாதம் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்குப் பணம் கட்டுகிறோம். அப்படியும் படம் பாதியில் நின்று வட்டம் சுற்றுகிறதே?

நீங்கள் பணம் கட்டுவது தெருக் கம்பத்திலிருந்து ரவுட்டர் வரை வரும் வேகத்துக்கு. ரவுட்டரிலிருந்து டிவி வரை இருக்கும் முப்பது அடிக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் குறை அந்த முப்பது அடியில்தான் இருந்தது.

விசைப்படகில் போனவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. படகு வயர்லெஸ்ஸில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வைஃபையும் அதே ஏற்பாடுதான். ஒரு சேனலில் (அலைவரிசையில்) ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். கொல்லைப்புறத்தில் சிக்னல் தேய்ந்த இடத்தில் ஒரு பழைய போன் இருந்தால், அது திக்கித் திக்கிப் பேசும்; சொன்னதையே திருப்பிச் சொல்லும். அது பேசி முடிக்கும் வரை கூடத்து டிவி காத்திருக்கிறது. ரவுட்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணில் பாதிதான் உண்மையில் கையில் கிடைக்கும் என்பதற்கும் இந்தக் காத்திருப்பு ஒரு காரணம்.

அப்படியானால் சில நேரம் மட்டும் ஏன் நிற்கிறது? எப்போதும் நிற்க வேண்டாமா?

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடிநீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தாலும் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் தண்ணீர் வருகிறது. படமும் சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. அடுத்த சில துண்டுகளைச் செயலி முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. வரத்து குறைந்தால் முதலில் தரம் குறைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கும். முகங்கள் கலங்கித் தெரிவது அப்போதுதான். அதுவும் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் தொட்டி வறண்டு வட்டம் சுற்றத் தொடங்கும். ஆகவே வட்டத்தைப் பார்க்கும்போது அந்த நொடியில் ஏதோ ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். தொல்லை அரை நிமிடம் முன்பே தொடங்கியிருக்கும்.

ஒரு படம் பார்க்க உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கு: 1080 தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ். அவ்வளவுதான். இரண்டு டிவியும் நான்கு போனும் உள்ள வீட்டுக்கு 50 தாராளம். 100 போதவில்லை என்று 300-க்கு மாறிய என் சித்தப்பா வீட்டில் இன்றும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பை விட விலை கூடிய வட்டம்.

குறை வீட்டுக்குள்ளா, வெளியிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சேவைக்காரர் அனுப்பும் பையன் வருவான். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் வேகச் சோதனை போட்டு 94 என்று காட்டுவான். கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரும் படம் பார்ப்பதில்லை. மேலும் வேகச் சோதனை என்பது சில விநாடிகளின் சராசரி. படத்தைக் கெடுப்பது சராசரி அல்ல, இடையிடையே விழும் பள்ளம்.

இப்படிச் செய்து பாருங்கள். மடிக்கணினி இருந்தால் அதையும் ரவுட்டரையும் ஒரு கேபிளால் இணைத்து அதே படத்தை அரை மணி நேரம் ஓட விடுங்கள். நிற்காமல் ஓடினால் தெருவில் குறை இல்லை. அடுத்து டிவி இருக்கும் இடத்தில் மடிக்கணினியை வைத்து, வைஃபையில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பிக்கொண்டே இருங்கள். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1. பதில் 2, 3 மில்லி விநாடியில் சீராக வந்தால் நல்லது. மூன்று, நான்கு என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 300, 500 என்று தாவினாலோ, பதிலே வராமல் போனாலோ குறை உங்கள் கூரைக்குக் கீழேதான். ரவுட்டர் வரை சீராக இருந்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு மட்டும் பதில் தவறினால் தயங்காமல் சேவைக்காரரைக் கூப்பிடுங்கள். அந்தத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வாயால் சொன்னால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும்.

போனில் வைஃபை சிக்னல் அளவைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அளவு மைனஸ் எண்ணாக வரும். டிவி இருக்கும் இடத்தில் மைனஸ் 67 அல்லது அதைவிட மேல் (அதாவது மைனஸ் 60, 50) இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 75-க்குக் கீழே போனால் அந்த இடத்தில் படத்தை நம்ப முடியாது.

கடற்கரையில் காற்று ஈரமாக இருக்கிறது. அந்த ஈரம் சிக்னலைக் குடித்துவிடும் என்கிறார்களே?

குடிக்காது. காற்றிலுள்ள நீராவி ரேடியோ அலையைக் குறிப்பிடத்தக்க அளவு விழுங்குவது 22 ஜிகாஹெர்ட்ஸ் அருகில். வைஃபை ஓடுவது 2.4-லும் 5-லும். ஒரு வீட்டுக்குள் இருக்கும் தொலைவுக்கு ஈரக்காற்றால் ஏற்படும் இழப்பை அளக்கவே முடியாது.

ஆனால் தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு கதை. மாடியில் ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவே நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி நல்ல சுவர். மழையில் ஊறிய கீற்றுக் கூரையும் காய்ந்த கூரையைப் போல அலையை விடாது.

அப்படியென்றால் உப்புக்காற்றால் ஒன்றும் கெடாதா?

அலை கெடாது. உலோகம் கெடும். இந்த வித்தியாசம் புரியாமல் ரவுட்டர் மேல் ரவுட்டராக வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

தங்கச்சிமடத்தில் என் மச்சான் வீடு, கடலிலிருந்து கூப்பிடு தூரம். டிவிக்குக் கேபிள் போட்டிருந்தும் மாலை நேரங்களில் படம் நிற்கிறது என்றார். கேபிள் போட்ட இடத்தில் எப்படி நிற்கும் என்று எனக்கே ஐயம். ஜன்னலோரம் சுவரில் பதித்திருந்த பெட்டியைத் திறந்து இணைப்பியைக் கழற்றினேன். எட்டுச் செம்புக்கலவைப் பற்களில் மூன்றின் மேல் பச்சைக் களிம்பு, கோயில் விளக்கைத் துலக்காமல் விட்டது போல. பற்களின் மேல் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் உப்பும் ஈரமும் புகுந்து செம்பைத் தின்றுவிடுகிறது. மாலையில் கடல்காற்று ஏறி ஈரம் படியும்போது தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. நகத்தால் சுரண்டியதும் தூளாக உதிர்ந்தது. முனையை வெட்டிவிட்டுப் புதிய இணைப்பி போட்டு, பற்களில் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டுத் தடவி, பெட்டியை ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றினேன். மொத்தச் செலவு ஒரு டீ செலவுதான்.

அந்தக் கேபிளை வெட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. கம்பியை பிளேடால் கீறினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசி, கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்று அச்சடித்து விற்கும் சரக்கு. அலுமினியம் இந்தக் கரையில் நிற்காது; முனையில் வெள்ளைப் பொடி பூத்து ஒருநாள் முறிந்துவிடும். கடையில் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, கீறிப் பார்த்து, உள்ளும் சிவப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வெளியிலிருந்து உள்ளே வரும் எந்தக் கேபிளும் துளைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டு நுழைய வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் கேபிள் வழியே நேராக இணைப்பிக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

எங்கள் வீடு கீழக்கரையில் தாத்தா காலத்து வீடு. முன்கட்டில் பறக்கிறது, பின்கட்டில் ஒன்றுமில்லை.

பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புக் காரைச் சுவர்தான் காரணம். இந்தக் கரையில் அந்நாளில் கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டி எடுத்தே சுவர் எழுப்பினார்கள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை அருகில் போய்ப் பாருங்கள், பவளத்தின் துளைகள் அப்படியே தெரியும். வெயிலுக்கு அருமையான சுவர். வைஃபைக்கு எதிரி.

கீழக்கரையில் என் நண்பனின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நண்பன் துபாயில். அவனுடைய உம்மா மட்டும் பெரிய வீட்டில். திண்ணையை ஒட்டிய அறையில் ரவுட்டர். அவர் புழங்குவதெல்லாம் மூன்று சுவர் தாண்டிப் பின்கட்டில். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே இருக்கும் நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வழியை மறிக்கிறதே என்று அதை ஓரமாக நகர்த்தப் போனேன்.

"அதை எடுக்காதீர்கள் தம்பி. அங்கே உட்கார்ந்தால்தான் பிள்ளையின் முகம் நிற்காமல் தெரிகிறது" என்றார்.

போனை வைத்து அளந்தேன். முன்னறையில் மைனஸ் 52. நாற்காலியில் மைனஸ் 68. பின்கட்டில் அவருடைய கட்டிலருகே மைனஸ் 81. இந்த அளவுகோலில் ஒவ்வொரு 10 குறைவும் பத்தில் ஒரு பங்கு. 52-க்கும் 81-க்கும் இடையே சிக்னல் ஏறக்குறைய எண்ணூறில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் மைனஸ் 67 எல்லையை அந்த அம்மா நாற்காலி போட்டுக் கண்டுபிடித்திருந்தார்.

இப்படிப்பட்ட வீட்டில் அதிக ஆன்டெனா உள்ள ரவுட்டர் வாங்குவது வீண். ரவுட்டர் கத்தினாலும் போன் திருப்பிக் கத்த முடியாதே. கதவுகளுக்கு மேலிருந்த காற்றுத் துவாரங்கள் வழியாகவே 22 மீட்டர் கேபிளைக் கொண்டுபோனேன். ஒரு சுவரையும் துளைக்கவில்லை. பின்கட்டில் இரண்டாவது வைஃபை கருவி ஒன்றை அதே பெயர், அதே கடவுச்சொல்லுடன் வைத்ததும் கட்டிலருகே மைனஸ் 48 வந்தது. அடுத்த மாதம் போனபோதும் உம்மா நடையில் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ரிப்பீட்டர் ஒன்று செருகினால் போதாதா? விலையும் குறைவு.

ரிப்பீட்டர் ஒவ்வொரு செய்தியையும் ஒருமுறை கேட்டு, மறுமுறை சொல்கிறது. ஒரே சேனலில் அதைச் செய்தால் வேகம் பாதியாகிறது. அதைவிடப் பெரிய தவறு, சிக்னல் இல்லாத அறையிலேயே அதைச் செருகுவது. கேட்காத காதால் கேட்டதைத்தானே அது திருப்பிச் சொல்லும்? வேறு வழியே இல்லை என்றால் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் செருகுங்கள். மெஷ் என்று மூன்று பெட்டியாக விற்பதும் கேபிள் இல்லாவிட்டால் இதே குடும்பம்தான், படித்த பிள்ளை என்பது ஒன்றே வேறுபாடு.

2.4-ஆ, 5-ஆ? எதில் இணைப்பது?

டிவி ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ். சுவர்கள் கூடினால் 2.4. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்; ஆனால் அதில் இடம் அதிகம், நெரிசல் குறைவு. 2.4-ல் ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாம் அதே இடத்தில்தான் புழங்குகின்றன. அங்கே சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40 வைத்தால் உங்களுக்கும் லாபமில்லை, பக்கத்து வீட்டுக்கும் தொல்லை.

இராமேஸ்வரத்தில் கோயில் பக்கம் விடுதி நடத்துகிறோம். தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் வீட்டு டிவி கூட ஓடாது.

ஓடாதுதான். அன்று உங்கள் தெருவில் ஒவ்வோர் அறையிலும் நான்கு பேர். அவர்களில் ஒருவராவது போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருப்பார். எல்லாம் அந்த மூன்று சேனல்களில். மொபைல் கோபுரத்துச் சிக்னலும் நெரிசலில் திணறுவதால் எல்லோரும் விடுதி வைஃபையைத் தேடுவார்கள்.

விருந்தினருக்குத் தனிப் பெயரில் ஒரு வைஃபை கொடுத்து, ஓர் அறைக்கு இவ்வளவு என்று வேக வரம்பு வையுங்கள். வீட்டு டிவியை 5-க்கோ கேபிளுக்கோ மாற்றுங்கள். ரவுட்டரைப் பத்து நாளைக்கு முன்பே சரிபாருங்கள். அமாவாசைக்கு முதல் நாள் என்னை அழைத்தால் நானும் பாம்பன் பாலத்தில் வாகன வரிசையில்தான் நிற்பேன்.

படகுகளின் ரேடார், வயர்லெஸ் எல்லாம் வைஃபையைக் கெடுக்குமா? உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் வேறு இருக்கிறது.

படகு வயர்லெஸ் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம். படகு ரேடார் பெரும்பாலும் 9.4 ஜிகாஹெர்ட்ஸ். இரண்டும் வைஃபை பக்கமே வருவதில்லை. பழி போட வேறு ஆளைத் தேடுங்கள்.

ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் 52 முதல் 144 வரை சில வகை ரேடார்களுடன் பங்கு போட்டுக்கொள்ளும் இடம். அங்கே ரேடார் துடிப்பைக் கேட்டதும் ரவுட்டர் உடனே சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. அதே வகைச் சேனல் ஒன்றுக்குத் தாவினால் அங்கே பேசும் முன் குறைந்தது ஒரு நிமிடம் மௌனமாகக் கேட்கவும் வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் 5 காணாமல் போய், சற்று நேரத்தில் திரும்பினால் இதை ஐயப்படலாம். மருந்து எளிது: ரவுட்டர் அமைப்பில் சேனலைத் தானியங்கி என்று விடாமல் 36 அல்லது 149 என்று நிறுத்திவிடுங்கள்.

டிவிக்குக் கேபிள் போட்டால் அழகு கெடுகிறது. வேறு வழி?

அழகு கெடட்டும். இருந்த இடத்தில் இருக்கும் பொருளுக்கு ஏன் காற்றில் அனுப்ப வேண்டும்? பல டிவிகளின் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் தரும். வைஃபையில் சோதித்தால் அதைவிடப் பெரிய எண் வரலாம். அதைக் கண்டு மயங்க வேண்டாம். 4கே படத்துக்கே 15 போதும் என்று மேலே பார்த்தோம். சீராக வரும் 90, தாவித் தாவி வரும் 200-ஐ விட மேல்.

டிவியில் செருகும் ஸ்டிக் மட்டும் திணறுகிறது. போன் அதே இடத்தில் நன்றாக இருக்கிறது.

ஸ்டிக் டிவியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே, தகரத் தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதனுடன் வந்த குட்டி நீட்டிப்புக் கேபிளைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். தேடி எடுத்து ஸ்டிக்கை டிவியின் விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள்.

படம் ஓடுகிறது. கிரிக்கெட் நேரலை மட்டும் நிற்கிறது. பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்து கத்தி முடித்த பிறகுதான் எங்கள் டிவியில் பந்தே போடுகிறார்கள்.

படத்தில் தொட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்பலாம், ஏனெனில் கடைசிக் காட்சி ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. நேரலையில் இன்னும் போடாத பந்தை எப்படிச் சேமிப்பது? தொட்டி சிறியது, சிறு பள்ளம் விழுந்தாலும் வறண்டுவிடும். அந்தச் சிறு தொட்டிக்கும் துண்டு வெட்டி அனுப்புவதற்கும் ஆகும் நேரம்தான் தாமதம். அரை நிமிடம் வரை போவது சாதாரணம். பக்கத்து வீட்டில் டிஷ் ஆன்டெனா. ஜன்னலை மூடிக்கொள்வதைத் தவிர இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

வீடியோ அழைப்பு மட்டும் உடைகிறது.

அதில் தொட்டியே இல்லை. பேச்சு அப்போதே போய்ச் சேர வேண்டும். ஆகவே படத்துக்குப் போதுமான வைஃபை அழைப்புக்குப் போதாமல் போகலாம். வளைகுடா அழைப்பு என்றால் இன்னொன்று: அமீரகத்தில் சில செயலிகளின் குரல், வீடியோ அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே அனுமதி பெற்ற செயலிக்கு மாறியதும் சரியான வீடுகளும் உண்டு.

இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு மட்டும் தகராறு. மற்ற நேரம் ஒன்றுமில்லை.

இரண்டு காரணம். ஒன்று, உங்கள் தெரு முழுவதும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் பக்கம் பகலிலேயே இது நடக்கும். விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் வீட்டில். இதற்குச் சேவைக்காரர்தான் வழி செய்ய வேண்டும்.

மற்றது வீட்டுக்குள்ளேயே. வேலை முடிந்து வந்தவர் போனைச் சார்ஜில் போடுகிறார்; அது அன்று எடுத்த போட்டோ, வீடியோவை எல்லாம் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகிறது. படத் துண்டு வந்து சேர்ந்தது என்ற ரசீதும் அதே ஏற்றப் பாதையில்தான் போக வேண்டும். ரசீது வரிசையில் மாட்டிக்கொண்டால் அனுப்புகிறவர் மெதுவாக்கிவிடுகிறார். இறங்கும் பாதை காலியாக இருந்தும் படம் நிற்கிற விசித்திரம் இது. போட்டோ ஏற்றத்தை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள், அல்லது ரவுட்டரில் ஏற்ற வேகத்துக்கு வரம்பு வையுங்கள்.

மாதக் கடைசியில் மட்டும் தகராறு என்றால் அது தரவு வரம்பு. 5 எம்பிபிஎஸ் படம் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி தின்னும். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்?

பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அதற்கென்றே சிறிய யுபிஎஸ் கிடைக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தாலும் இது வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கண் சிமிட்டலில் ரவுட்டர் அணைந்து, எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். தெருமுனைப் பெட்டிக்குச் சேவைக்காரர் பேட்டரி வைக்காவிட்டால் உங்கள் யுபிஎஸ் வெறும் விளக்கு எரிக்கத்தான் பயன்படும்.

வாடைக்காற்று தொடங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது.

இது வைஃபை அல்ல. வீட்டுக்கு வரும் கண்ணாடி இழைக்கு (ஃபைபர்) உப்பும் மழையும் ஒன்றும் செய்யாது. அதைக் கம்பத்தில் பிடித்திருக்கும் கொக்கியும் நடுவில் ஒட்டுப்போட்ட பெட்டியும்தான் இற்றுப்போகின்றன. காற்றில் கேபிள் ஆடி எங்கோ மடங்கினால் அந்த வளைவில் ஒளி கசிந்துவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு என்ற எண் இருக்கும். வீட்டு இணைப்புகளில் அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். காற்றில்லாத நாளில் மைனஸ் 21 காட்டியது காற்றடிக்கும்போது மைனஸ் 28 காட்டினால் அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். வீட்டுக்குள் இழையைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தால், சுருள் உள்ளங்கையை விடச் சிறிதாக இருக்க வேண்டாம்.

கேபிளே வேண்டாம், மொபைல் சிக்னலில் ஓடும் வீட்டு இணைப்பு போட்டால்?

இழை வராத குடியிருப்புகளுக்கு நல்லதுதான். ஆனால் கடற்கரையில் ஒரு கூத்து உண்டு. கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும் பொழுதுகளில் ரேடியோ அலை அந்த அடுக்குக்குள் மாட்டி நெடுந்தூரம் போகும். அரிச்சல்முனையில் நிற்கும்போது போன் இலங்கைச் சிக்னலைப் பிடித்து வரவேற்புச் செய்தி காட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தலைமன்னார் அருகில் என்பதால் அங்கே அது சாதாரண நாளிலும் நடக்கும். அடுக்கு நிற்கும் பொழுதில் மற்ற இடங்களிலும் தொலைதூரக் கோபுரங்கள் வந்து குறுக்கிடலாம். கருவியைக் கடல் பக்க ஜன்னலில் வைக்காமல் உங்கள் கோபுரம் இருக்கும் பக்கம் வையுங்கள்.

வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் நண்டு வாடி (கரையோரக் கொட்டகை) இருக்கிறது. அங்கேயும் கேமராவும் டிவியும் ஓட வேண்டும்.

இரு முனையிலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் தட்டு ஆன்டெனா நேருக்கு நேர் வைத்தால் ஓடும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒன்றை ஒன்று பார்த்தால் மட்டும் போதாது. அரை கிலோமீட்டருக்கு, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வெளி வேண்டும். போன வருடம் தெரிந்த சிக்னல் இந்த வருடம் இல்லை என்றால் நடுவில் சீமைக்கருவேலம் வளர்ந்திருக்கும். இலையில் இருக்கும் தண்ணீர் அலையைத் தின்கிறது. அரிவாள்தான் ஒரே மென்பொருள்.

நான் தோற்ற ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தொண்டிப் பக்கம் ஒரு கழியின் இக்கரையில் வீடு, அக்கரையில் வாடி. நடுவில் ஒரு செடிகூட இல்லை. இரண்டு தட்டும் நான்கு மீட்டர் உயரத்தில். நாள் முழுவதும் அருமையாக ஓடிவிட்டு, ஒரு மணி நேரம் செத்துப்போகும். முதல் நாள் காலை பத்துக்கு. மறுநாள் பதினொன்று ஆகப்போகும் நேரத்தில். அதற்கு மறுநாள் பன்னிரண்டை நெருங்கி. கருவியை மாற்றினேன், சேனலை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். நான்காம் நாள் வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் என் தாளில் குறித்திருந்த நேரங்களைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டியதும், "தம்பி, இது வெள்ளம் ஏறுகிற கணக்கு" என்றார். வெள்ளம் என்றால் கடல் ஏற்றம், வற்றம் என்றால் இறக்கம்.

ரேடியோ அலையில் ஒரு பங்கு நேராகப் போகிறது, ஒரு பங்கு தண்ணீரில் பட்டுத் தெறித்துப் போகிறது. கழியில் ஓர் ஒன்றரை அடி தண்ணீர் ஏறியதும் தெறித்த அலை நேர் அலைக்கு எதிராக வந்து சேர்ந்து அதை அழித்துவிடுகிறது. நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள், அவருக்கு அரை நிமிடம். இன்னும் உயரமாக ஏற்றுவதுதான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வாடிப் பக்கத் தட்டை ஒன்றரை மீட்டர் கீழே இறக்கிக் கட்டினேன். அதன் பிறகு வெள்ளத்திலும் வற்றத்திலும் ஓடுகிறது.